கோழியைக் கொல்வது குளிரா, ஈரமா? அம்பாசமுத்திரத்தில் பங்குனியிலேயே வைக்கோல் வாங்கி வைக்க வேண்டியது ஏன்?

ஐப்பசி பிறந்ததும் தாமிரபரணிக் கரை ஊர்களில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கும். வானம் மூடிக்கொள்ளும். நல்ல காய்ந்த வைக்கோல் கண்ணில் படாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, வீட்டுக்குப் பின்னால் பத்து, இருபது நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பங்கள்தான்.

தீபாவளிக்கு நாலு, பொங்கலுக்கு நாலு, ஊர்க் கொடைக்கு ஒரு சேவல் என்று விற்கும் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் நேரடியாகச் சேரும் பணம். பிள்ளையின் பள்ளிச் செலவு, சுயஉதவிக் குழு தவணை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதிலிருந்துதான் போகும். ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. குஞ்சுகள் அதிகம் சாவதும் அப்போதுதான்.

"குளிர் தாங்காம செத்துப்போச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கூட்டின் தரையில் இருக்கிறது.

குளிரா, ஈரமா?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், விக்கிரமசிங்கபுரம் எல்லாம் சமவெளி. மேலே மாஞ்சோலையில் குளிர் உண்டு. கீழே மார்கழி இரவிலும் பெரும்பாலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்கும். இறகு முளைத்த வளர்ந்த கோழிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும்.

ஆனால் நனைந்த கோழி சிலிர்க்க முடியாது. ஈரமான இறகு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று அடுக்கு போய்விடும். அப்போது 22 டிகிரிகூட கோழிக்குக் கடுங்குளிர்தான்.

குஞ்சுகளின் கதை வேறு. பிறந்த முதல் வாரத்தில் ஒரு குஞ்சுக்குத் தேவைப்படும் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அதன்பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தாய்க்கோழியின் இறக்கைக்குள் இருக்கும்வரை இந்தச் சூடு தானாகக் கிடைக்கும். ஆனால் தாய் உட்காரும் தரையே ஈரமாக இருந்தால், மேலிருந்து கிடைக்கும் சூட்டைக் கீழிருந்து தரை உறிஞ்சிவிடும்.

ஈரத் தரை இன்னொரு வேலையும் செய்யும். எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா வாயு கிளம்பும். கூட்டுக்குள் குனிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நெடிதான் அது. மூடிய கூட்டுக்குள் இரவு முழுவதும் கோழி அதைச் சுவாசித்தால் கண்ணில் நீர் வடியும், சளி பிடிக்கும். ரத்தக்கழிச்சல் நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியும் ஈரமும் கதகதப்பும் உள்ள கூளத்தில்தான் நோயைத் தொற்றவைக்கும் நிலைக்கு வேகமாக முதிரும். இந்த நோயில் குஞ்சுகள் இரண்டு, மூன்று நாளில் வரிசையாக விழும். பார்ப்பவர்களுக்கு அது குளிரில் செத்த மாதிரியே தெரியும்.

கோழிக்கு வைக்கோல் எதுக்கு?

கோழி வைக்கோல் தின்னாது. கொஞ்சம் கொத்திப் பார்க்கும், அவ்வளவுதான். வைக்கோலின் வேலை மூன்று.

- தரையில் பரப்பினால் எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சும்.
- தரைக்கும் கோழியின் உடம்புக்கும் நடுவில் காற்றைப் பிடித்துவைத்து, சூடு இறங்காமல் தடுக்கும்.
- அடை வைக்கும் கூடையில் முட்டை உருளாமல், 21 நாளும் ஒரே சூட்டில் இருக்க உதவும்.

இந்த மூன்றும் வைக்கோல் காய்ந்திருந்தால்தான் நடக்கும். நனைந்து, பூஞ்சை பூத்த வைக்கோலைப் போட்டால் பலன் தலைகீழ். அந்தப் பூஞ்சைத் தூள் கோழியின் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறலை உண்டாக்கும். குஞ்சுகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் "ஏதோ ஒரு வைக்கோல்" என்று வாங்கிப் போடுவதைவிட, ஒன்றும் போடாமல் தரையைத் தினமும் பெருக்குவதுகூட மேல்.

நெல் விளையும் ஊரில் வைக்கோலுக்கு ஏன் தட்டுப்பாடு?

தாமிரபரணிப் பாசனத்தில் மட்டும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் 86,107 ஏக்கர் நிலம் இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் 1937ஆம் ஆண்டிலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. ஏ.எஸ்.டி. 16 என்று கடைகளில் விற்கும் குண்டு அரிசி ரகம் இங்கிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட ஊரில் கோழிக்கூட்டுக்குப் போட நாலு கைப்பிடி காய்ந்த வைக்கோல் கிடைக்காதா?

கிடைக்கும். ஆனால் கிடைக்கும் மாதம் வேறு, தேவைப்படும் மாதம் வேறு.

இங்கே நெல்லுக்கு இரண்டு பருவம். கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பது வழக்கம். அறுவடை புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும். அதன்பிறகு பிசானம். மழையோடு நட்டு, மாசி, பங்குனி வெயிலில் அறுப்பார்கள்.

கார் அறுவடை சில வாரம் தள்ளிப்போனாலும் மழையோடு மோதிவிடும். அந்த வைக்கோல் வயலிலேயே நனையும், கறுக்கும். அணையில் தண்ணீர் போதாத ஆண்டுகளில் கார் சாகுபடியே சுருங்கிவிடும். அப்போது ஐப்பசியில் புது வைக்கோல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிசான வைக்கோல்தான் நல்லது. சுள்ளென்ற வெயிலில் காய்ந்து, பொன்னிறமாக இருக்கும். ஆனால் அது வயலில் குவிந்து கிடக்கும் பங்குனி மாதத்தில் கோழிக்கூட்டைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

ஆக, மழைக்காலத்தில் காய்ந்த வைக்கோல் வேண்டுமென்றால் அது ஏழெட்டு மாதம் யாரோ ஒருவர் நனையாமல் பாதுகாத்த வைக்கோலாக இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான் கார்த்திகையில் விலை.

அறுவடை மெஷின் மாற்றிய கணக்கு

முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, வைக்கோலை வீட்டுப் பக்கத்தில் படப்பு போட்டு வைப்பார்கள். படப்பு உள்ள வீட்டில் ஒரு கத்தை கேட்டால் யாரும் காசு கேட்கமாட்டார்கள். அறுவடைக்குப் போன வீடுகளுக்கும் கொஞ்சம் வந்து சேரும்.

இப்போது வயலில் இறங்குவது அறுவடை மெஷின். அது நெல்லைப் பிரித்துவிட்டு வைக்கோலை நசுக்கி வரிசையாகப் போட்டுவிட்டுப் போய்விடும். அதை அள்ளிச் சேர்க்க ஆள்கூலி கட்டுபடியாகாது. அதனால் பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் வருகிறது. வயலிலேயே உருளை உருளையாகக் கட்டி, லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் வியாபாரி முன்கூட்டியே பேசிவிடுவதும் உண்டு.

அந்த லாரிகளில் ஒரு பகுதி புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. அங்கே நெல் வயல் குறைவு, கறவை மாடு நிறைய. காளான் வளர்ப்பவர்களுக்கும், பழம் அடுக்கி அனுப்புபவர்களுக்கும்கூட வைக்கோல் வேண்டும். இதில் விவசாயிக்கு நஷ்டமில்லை. வயலிலேயே எரிப்பதைவிட விற்பது எவ்வளவோ நல்லது. ஆனால் ஒரு காலத்தில் தெருவில் கேட்டு வாங்கிய பொருள், இன்று லாரிக் கணக்கில் விலை போகும் சரக்காகிவிட்டது. ஒரு கட்டு, இரண்டு கட்டு வாங்க வருபவருக்கு அந்தச் சந்தையில் பேரம் பேசும் பலம் கிடையாது.

உண்மையில் எவ்வளவு வேண்டும்?

இங்கேதான் பலரும் கணக்குத் தவறுகிறார்கள். கோழிக்கு வேண்டிய வைக்கோல் மிகக் குறைவு.

பத்து கோழி இரவு அடைய 15 சதுர அடி கூடு தாராளம். அதில் நறுக்கிய வைக்கோலை 3 அங்குல உயரத்துக்குப் பரப்ப, தோராயமாக 5 முதல் 6 கிலோ பிடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றினால், ஐப்பசி நடுவிலிருந்து தை வரை ஆறு முறை. மொத்தம் 30 முதல் 36 கிலோ. அடைக் கூடைக்கும் சேர்த்து 40 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு மாடு ஒரு நாளைக்கு 5, 6 கிலோ வைக்கோல் தின்னும். மூன்று மாதத்துக்கு 450 கிலோவுக்கு மேல். அதாவது ஒரு மாடு ஒரு வாரத்தில் தின்பதை வைத்துப் பத்து கோழிகள் மழைக்காலம் முழுவதையும் ஓட்டிவிடலாம்.

ஆகவே செலவு வைக்கோலில் இல்லை, வண்டி வாடகையில் இருக்கிறது. இரண்டு கட்டுக்காக ஆட்டோ பிடித்தால் வைக்கோலைவிட வாடகை அதிகமாகிவிடும். அதே தெருவில் பத்து வீடு சேர்ந்தால் 400 கிலோ. மாடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் பங்குனியில் லோடு இறக்கும்போதே "எங்களுக்கும் சேர்த்து ஏத்திட்டு வாங்கண்ணே" என்று சொன்னால் வேலை முடிந்தது. சுயஉதவிக் குழு இருக்கும் தெருக்களில் இதற்குத் தனி ஏற்பாடே தேவையில்லை.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

- கட்டுக் கணக்கில் விலை கேட்டு ஏமாற வேண்டாம். இயந்திரத்துக்கு இயந்திரம் கட்டின் எடை மாறும். ஒரு கட்டை எடை போட்டு, கிலோ என்ன விலை என்று வகுத்துப் பார்ப்பதுதான் சரி.
- எடை அதிகம் என்றாலும் சந்தேகப்பட வேண்டும். ஈர வைக்கோல் கனக்கும். தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.
- கட்டின் நடுவில் கையை விட்டுப் பார்க்கணும். சூடாகவோ, பிசுபிசுப்பாகவோ இருந்தால் உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
- கறுப்பு, சாம்பல் நிறப் புள்ளிகள், உதறினால் பறக்கும் தூசி, முக்கிய வாசனை இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.
- வாங்கியதைத் தரையில் வைக்காமல், கல் அல்லது பலகை மேல் அடுக்கி மேலே மட்டும் தார்ப்பாய் போடலாம். நாலு பக்கமும் இறுக்கி மூடினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.
- கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கக் கூடாது. எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

வைக்கோலே கிடைக்கலன்னா?

உமி நல்ல மாற்று. இந்தப் பகுதியில் அரிசி ஆலைகள் இருப்பதால் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை வாங்குவது சிரமமில்லை. வைக்கோலைவிடச் சீக்கிரம் உலரும், கிளறுவதும் சுலபம். புதுக் குஞ்சுகள் தீவனம் என்று நினைத்து உமியைக் கொத்தும். அதனால் முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள் விரிக்கணும்.

தென்னைநார்க்கழிவு, கடலைத்தோல், நன்றாகக் காய்ந்த சருகு ஆகியவையும் பயன்படும். எதைப் போட்டாலும் சோதனை ஒன்றுதான். ஒரு பிடி கூளத்தை அள்ளிக் கையில் இறுக்கிப் பிடித்து விட வேண்டும். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

மழை விட்ட நேரத்தில் கூளத்தைக் கிளறிவிடுவதும், ஈரம் உள்ள இடத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கலப்பதும் ஒரு கட்டு வைக்கோலின் ஆயுளைச் சில நாள் நீட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கூட்டுக்கு வெளியே வைப்பது அதைவிட லாபம். பல கூடுகளில் ஈரத்துக்குக் காரணம் மழையே இல்லை, கவிழ்ந்த தண்ணீர்தான்.

பல்பு போட்டால் போதாதா?

குஞ்சுக்குச் சூடு கொடுக்கப் பல்பு தொங்கவிடுவது பழைய பழக்கம். ஆனால் அது குண்டு பல்பு காலத்துப் பழக்கம். இப்போது வீடுகளில் இருப்பது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், குஞ்சைச் சூடாக்கும் அளவுக்கு வெப்பம் தராது. பல்பு எரிகிறதே என்று நம்பி விட்டுவிட்டால் காலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும்.

குண்டு பல்பு கிடைத்தால் குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக் கணக்கு. 20 குஞ்சுக்கு ஒரு 40 வாட் பல்பு. ஆனால் காய்ந்த வைக்கோலுக்கு மேலே சூடான பல்பு தொங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. பல்பைச் சுற்றிக் கம்பி வலை, வைக்கோலில் படாத உயரம், மழையில் நனையாத ஒயர் ஆகிய மூன்றும் கட்டாயம். கரண்ட் போகும் இரவுகளுக்கு, பஞ்சாரத்துக்குள் காய்ந்த வைக்கோலோடு தாய்க்கோழியை விடுவதற்கு இணை எதுவும் இல்லை.

தடுப்பூசி: பிப்ரவரி முகாம் மட்டும் போதுமா?

நாட்டுக்கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது வெள்ளைக்கழிச்சல். இதற்கு வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுப்பூசிதான். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது.

சிக்கல் என்னவென்றால், புரட்டாசி, ஐப்பசியில் பொரித்த குஞ்சுகள் அந்த முகாமுக்கு முன்பே மழைக்காலத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே முகாமுக்காகக் காத்திருக்காமல், 7ஆம் நாள் சொட்டு மருந்தும் 8ஆம் வாரம் இறக்கையில் ஊசியும் போட அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்பது நல்லது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் புறக்கடைக் கோழிகளுக்காகவே தீவனம் போலக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதுபற்றி விசாரிக்கலாம்.

ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் ஆற்றிலோ கால்வாயிலோ வீசக் கூடாது. பக்கத்துக் கேரளாவில் 2021லும் 2024லும் பறவைக் காய்ச்சல் பரவியபோது எல்லைச் சோதனைச் சாவடிகளில் கண்காணிப்பு வைக்க வேண்டிய நிலை வந்தது. 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவியை அழைக்கலாம்.

செத்தால் அரசு என்ன கொடுக்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு கரை மீறி ஓடியது. அடுத்த டிசம்பரிலும் மறுபடி கனமழை, மறுபடி வெள்ளம்.

இந்த மாதிரிப் பேரிடரில் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி உண்டு. 2022-26 காலத்துக்கான விதிமுறைப்படி பசு, எருமைக்கு 37,500 ரூபாய். ஆட்டுக்கு 4,000 ரூபாய். கோழிக்கு 100 ரூபாய், அதுவும் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்.

இந்த 100 ரூபாயை அரசின் இன்னொரு கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் 4 வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுக்கும் திட்டத்தில், மொத்த விலை 3,200 ரூபாய். பயனாளி கட்டுவது 1,600 ரூபாய். அதாவது 4 வாரக் குஞ்சின் விலையே 80 ரூபாய். அதை வாங்கி, நாலைந்து மாதம் தீவனம் போட்டு வளர்த்து, பொங்கலுக்கு விற்கத் தயாரான கோழி வெள்ளத்தில் போனாலும் கிடைப்பது 100 ரூபாய்தான். நிவாரணம் குஞ்சின் விலையைத்தான் திருப்பித் தருகிறது, உழைப்பையும் தீவனத்தையும் அல்ல.

50 சதவீத மானியத்தில் 250 கோழிப் பண்ணை அமைக்கும் திட்டமும் இருக்கிறது. அந்தப் பண்ணை முழுவதும் வெள்ளத்தில் போனால் உச்சவரம்பு காரணமாக 100 கோழிக்குத்தான் பணம். மீதி 150 கோழி வளர்த்தவர் தலையில்.

இதுவும் அறிவிக்கப்பட்ட பேரிடருக்கு மட்டும்தான். சாதாரண ஐப்பசி மழையில், ஈரக் கூட்டில், இரண்டு மூன்றாகச் சாகும் குஞ்சுகளுக்கு எந்தக் கணக்கிலும் இழப்பீடு இல்லை. உதவி கிடைக்கக்கூடிய சூழலிலும் இறப்பை அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும். ஆகவே கோழிகளை எண்ணிக்கையோடு அவ்வப்போது செல்போனில் படம் எடுத்து வைப்பது, செத்தால் புதைக்கும் முன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்வது இரண்டும் அவசியம்.

திட்டத்தில் விட்டுப்போனது என்ன?

வைக்கோலை அரசு மலிவாகக் கொடுத்த முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2017 வறட்சியின்போது தமிழ்நாட்டில் உலர்தீவனக் கிடங்குகள் திறந்து கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் விற்றார்கள். ஆனால் அது மாட்டுக்கு, அதுவும் வறட்சிக்கு. மழைக்காலத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு யோசிக்கப்படவில்லை.

40 குஞ்சு கொடுக்கும் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு ஒன்றியத்துக்கு 100 பெண்கள் என்ற அளவில் பயனாளிகளைத் தேர்வு செய்தார்கள். 100 வீட்டுக்கும் மழைக்காலத்துக்குத் தேவையான கூளம் முழுவதையும் கூட்டினால், 40 கோழிக்கு 160 கிலோ வீதம் 16 டன். பங்குனியில் வயலில் கட்டும்போதே வாங்கினால் சில லாரி லோடு. அதை ஒரு கூட்டுறவுச் சங்கமோ, மகளிர் கூட்டமைப்போ ஒரு கொட்டகையில் அடுக்கி வைத்து, புரட்டாசியில் பிரித்துக் கொடுப்பது பெரிய காரியமே அல்ல. குஞ்சு கொடுக்கும் தேதியை மழை முடிந்த தை மாதத்துக்கு மாற்றினாலே பாதி இறப்பு கதை வேறு மாதிரி இருக்கும்.

அதுவரை தெரு அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிசான அறுவடை மெஷின் வயலில் இறங்கும் வாரத்தில், பக்கத்து வீட்டு மாட்டுக்கு வரும் லோடோடு சேர்த்து, கோழிக்கும் இரண்டு மூன்று கட்டு சொல்லி வைப்பது. வெயில் சுட்டெரிக்கும்போது மழையை நினைத்து வாங்குகிற அந்தக் கட்டுகள்தான், கார்த்திகை அடைமழையில் பஞ்சாரத்துக்குள் இருக்கும் குஞ்சுகளைக் காப்பாற்றப் போகின்றன.